பன்னிரண்டில் நான்கு

புதுவயல் அரிசி ஆலையில் நாள் முழுக்க எனக்கு
ஒரே நிறம். தவிடு.
கணக்குப் புத்தகத்தின் மேல், கால்குலேட்டர் பொத்தான் இடுக்கில்,
இமையில்.
அதனால்தான் என்று சொல்லிக்கொள்கிறேன்,
சம்பள நாளில் காரைக்குடி பஸ் ஏறி
முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போவதை.

தேக்குத் தூண் கேட்பவர்கள் முன்னால் நிற்பார்கள்.
நான் பின்னால் போவேன்.
அங்கே தரையில், சாக்கின் மேல்,
எனாமல்.
கிளிப்பச்சைக் கூஜா. கனகாம்பரக் கலர் கெட்டில்.
மூன்றடுக்குத் தூக்கு, அடுக்குக்கு ஒரு மஞ்சள்:
மாம்பழம், எலுமிச்சை, சாமந்தி.
எவனோ ஒரு செக்கோஸ்லோவாக்கியாக்காரன்
நம்ம ஊர்ச் சந்தையைப் பார்த்துவிட்டுப் போய்ச்
சுட்ட மாதிரி.

ஜெய்லாபுதீன் விலை சொல்லும்போது
என்னைப் பார்க்க மாட்டார், ஓட்டைப் பார்ப்பார்.
"தட்டு ஒரு டஜன் மேடம். கல்யாணச் சாமான்.
பரப்பி வைக்க வாங்கினது.
எண்ணினாங்க, எழுதினாங்க, உள்ள வச்சுப் பூட்டினாங்க.
சோறே பார்க்கல."
அடியில் கடைச் சீட்டுகூட உரியவில்லை.
மூன்றுக்குத்தான் காசிருந்தது. நாலாவதை
"பேரம் பேசத் தெரியாதவங்களுக்கு" என்று
தாளில் சுற்றிவிட்டார்.

அறுபது வருஷம் பட்டினி கிடந்த தட்டில்
முதல் சோறு என் சோறு.
கருவாட்டுக் குழம்பு, நீல விளிம்பு வரைக்கும்.

முந்தைய வீட்டில், அவரோடு இருந்தபோது,
எல்லாம் எவர்சில்வர்.
எதை எடுத்தாலும் முகம் தெரியும்.
அதுதான் தொந்தரவு.
கண்டனூரில் இந்த இரண்டாங்கட்டு வாடகை அறையில்
ஆத்தங்குடித் தரைப் பச்சையும்
கூஜாப் பச்சையும் சண்டை போடுகின்றன.
நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.
யார் பக்கமும் பேசுவதில்லை.

மாசியில் முன்கட்டுக்கு சினிமாக்காரர்கள் வந்தார்கள்.
நிவேதன் என்று ஒரு பையன், ஆர்ட் அசிஸ்டென்ட்,
தண்ணீர் கேட்க வந்தவன் கெட்டிலைப் பார்த்து நின்றுவிட்டான்.
ரெண்டு நாள் வாடகை, ஆயிரத்தைந்நூறு.
திரும்பி வந்தபோது
கனகாம்பரம் முழுக்கப் பழுப்புச் சாயம்.
மூக்கில் வரைந்த துரு.
வயிற்றில் கறுப்பு மையால் எட்டு உடைசல்.
"பழசாத் தெரியலக்கா. டைரக்டர் நம்பல."
"அது பழசுதானே தம்பி."
"ஆமாக்கா. ஆனா தெரியலையே."

தேங்காயெண்ணெய் தடவி ஊறவைத்து
மூன்று ராத்திரி நாரால் தேய்த்தேன்.
வரைந்த எட்டும் போயின.
ஒன்பதாவது போகவில்லை.
அது நான் செய்தது.
ஐப்பசியில் ஒருநாள், போன் தோளில் இடுக்கி,
என் தங்கை சொன்ன எதற்கோ சிரித்துக்
குழாயில் இடித்தது.
உள்ளிருக்கும் இரும்பு
மிளகளவு தெரிகிறது.

போன ஞாயிறு ஆலையிலிருந்து மூன்று பேர் சாப்பிட வந்தார்கள்.
எடை போடும் செங்கமலம் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"ஏன்க்கா, ஆஸ்பத்திரியில
எச்சி துப்பக் குடுப்பாங்களே, அந்தக் கிண்ணம் சாதிதான இது?"
மற்ற ரெண்டு பேரும் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்கள்.
நான் என்ன சொல்வது? ஆமாம், அதே இரும்பு,
அதே சூளை, அதே நீலக் கோடு.
"இது கல்யாண வார்டு" என்றேன்.
ரசத்தில் புரையேறிச் செங்கமலம் தலையில் தட்டிக்கொண்டாள்.
பிறகு யாரும் அதைப் பேசவில்லை.
ரெண்டாம் தடவை குழம்பு கேட்டது
அவள்தான்.

கழுவிக் கவிழ்த்தபோது நாலு தட்டும் ஈரம்.
நாலும் ஒரே நாளில் நனைந்தது
அதற்கு முன் இல்லை.

நேற்று கடைக்குள் காலை வைத்தேன்.
வாயைத் திறக்கவில்லை.
"எட்டும் அப்படியே இருக்கு மேடம்"
என்றார் ஜெய்லாபுதீன்,
ஓட்டைப் பார்த்தபடி.